சிவப்பு மையில் அடித்த வார்த்தை

அகஸ்டின் வாத்தியாருக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தையைக் கண்டால் ஆகாது. ‘கெட்’ என்பது அந்த வார்த்தை. வெள்ளைக்காரன் வாயில் அது மணிக்கு நூறு தடவை வரும், பேப்பரில் வரும், ராஜப் பிரதிநிதியின் பிரசங்கத்திலேகூட வரும். வந்தால் என்ன? அகஸ்டின் வகுப்பில் வரக்கூடாது. “சோம்பேறி வார்த்தை” என்பார். கடிதம் கிடைப்பதற்கும் அது, கோபம் வருவதற்கும் அது, நனைவதற்கும் அது, வீடு சேர்வதற்கும் அது என்றால், மற்ற வார்த்தைகளெல்லாம் எதற்குப் பிறந்தன? பிள்ளைகள் கட்டுரையில் அதை எழுதினால் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்து, மேலே சரியான வார்த்தையை மணிமணியாக எழுதுவார். இருபத்தெட்டு வருஷம் இழுத்த கோடுகளை ஒட்டிப் போட்டால் சாந்தோமிலிருந்து செங்கல்பட்டுக்குத் தண்டவாளமே போடலாம்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு முப்பத்தாறாம் வருஷம் ஜனவரியில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. ஐந்து நாள் கழித்து வாய் திறந்தபோது வந்தது ஒரே வார்த்தை.

“கெட்.”

தமிழ் வரவில்லை, ஜெபம் வரவில்லை, பெண்டாட்டி பேர் வரவில்லை. அது மட்டும் வந்தது. சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டுப் போனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நோராவைப் பார்த்தார். கண்ணோரம் நீர் வழிந்தது. நோரா முந்தானையால் துடைத்துவிட்டு, “வந்துடுச்சு பாத்தீங்களா, ஒண்ணு வந்தா பின்னாடி எல்லாம் வரும்” என்றாள். பின்னாடி ஒன்றும் வரவில்லை.

நோரா கான்வென்டில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் பால்காரனுக்குக்கூடப் பற்றாது. ஆனால் ஒரு மாதத்தில் அந்த ஒரு வார்த்தையில் அவள் பண்டிதை ஆகிவிட்டாள். சட்டென்று வெட்டிச் சொன்னால் தண்ணீர். இழுத்துச் சொன்னால் கடல் பக்கத்து ஜன்னலைத் திற. இரண்டு தடவை அடுத்தடுத்துச் சொன்னால் கொசு. தாழ்ந்த குரலில் ஒரே தடவை சொன்னால், வேலையெல்லாம் கிடக்கட்டும், கொஞ்சம் பக்கத்தில் உட்கார். அந்தக் கடைசி அர்த்தத்தைக் கண்டுபிடித்த அன்று அடுப்பில் குழம்பு தீய்ந்தது. தீயட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் வாய்விட்டு அப்படிக் கேட்டதே இல்லை. வாய் நிறைய வார்த்தை இருந்த காலத்தில் கேட்காததை ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு கேட்கிறாரே என்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஒரே ஒரு ‘கெட்’ மட்டும் பிடிபடவில்லை. பட்டினப்பாக்கத்திலிருந்து தேவானை தலையில் கூடையோடு மீன் கொண்டுவரும் நேரத்தில் அது வரும். தேவானையின் குரல் வாசலில் கேட்டதுமே அவர் தலையணையிலிருந்து எழப் பார்ப்பார். முகமெல்லாம் சிவக்க, “கெட்! கெட்!” என்பார்.

தேவானை அதற்கெல்லாம் அசருகிறவளா? “இன்னா வாத்யாரம்மா, வாத்யாரு தெனம் என் மீனைப் பாத்து கெட்டுப்போச்சு கெட்டுப்போச்சுன்றாரு? விடிகாலைல கரைக்கு வந்த வவ்வாலு. தொட்டுப் பாரு, உசுரு கீது!” என்று செவுளைத் தூக்கிக் காட்டுவாள். நோரா சிரிப்பாள். அவர் சிரிக்கமாட்டார். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பாஸ்கு என்கிற ஈஸ்டர் பண்டிகைக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலம் பிறந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பாவ அறிக்கையான பாவசங்கீர்த்தனம் கேட்டு நற்கருணை அப்பம் கொடுக்கக் கோவிலிலிருந்து புதிதாக வந்த சின்னச் சாமியார் மரியசெல்வம் வீடு வீடாக வந்தார். வயது முப்பதுக்குள் இருக்கும், நல்ல மனுஷர்.

“பேச்சு இல்லேன்னா கவலைப்படாதீங்க” என்றார் அகஸ்டினிடம். “செய்த பாவத்துக்கெல்லாம் மனஸ்தாபப்படுறேன்னு நெஞ்சிலே ஒரு தட்டு தட்டுங்க. போதும். சர்வேசுரனுக்குத் தெரியும். நான் மன்னிப்புக் கொடுத்துடறேன்.”

அகஸ்டின் இடது கையைத் தூக்கினார். நெஞ்சுக்கு மேலே கொண்டுபோனார். அங்கேயே நிறுத்திக்கொண்டு தலையை இல்லை என்று ஆட்டினார். “கெட்” என்றார். கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

இரண்டாம் வாரமும் அதே கதை. மூன்றாம் வாரம் சாமியார் நோராவைத் தனியே அழைத்தார். “ஏதோ ஒண்ணு மனசிலே இருக்கும்மா. அதைச் சொல்லாம சும்மா தட்டினா செல்லாதுன்னு நினைக்கிறார். செல்லும்னு நான் சொன்னாலும் கேக்கல.”

“அவர் அப்படித்தான் சாமி. அரை மார்க்குக்கு அரை நாள் கணக்குப் பாக்கிற மனுஷன்.”

“பாஸ்குக்குள்ளே நற்கருணை வாங்காம இருக்கக்கூடாதும்மா. டாக்டர் என்ன சொன்னார்?”

டாக்டர் சொன்னதை நோரா யாரிடமும் சொல்லவில்லை. இன்னொரு தடவை வந்தால் தாங்காது, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லியிருந்தார். அதை இப்போது சொன்னாள். மனசைப் பூட்டிக்கொண்டு, நாக்கில் நற்கருணை படாமல் இவர் போய்விட்டால்? அந்த நினைப்பை அவளால் முழுசாக நினைக்கக்கூட முடியவில்லை.

சாமியார் யோசித்தார். “ஒரு வழி இருக்கு. பாஷை தெரியாதவங்க நடுவிலே ஒரு ஆளை வெச்சுப் பாவம் சொல்லலாம். திருச்சபைச் சட்டமே இடம் கொடுக்குது. அந்த ஆளும் கேட்டதை வெளியே விடக்கூடாது. இவர் பாஷை இந்த ஊரிலே உங்க ஒருத்தருக்குத்தானே தெரியும்?”

“நானா? அவர் பாவத்தை நான் கேக்கிறதா?” நோரா வாயில் கை வைத்தாள்.

ஆனாலும் உட்கார்ந்து ஆரம்பித்தாள். ஆமாம் என்றால் கண்ணை மூட வேண்டும், இல்லை என்றால் சும்மா பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. “என்கிட்ட கோபப்பட்டதா? அது ஊருக்கே தெரியும்.” பார்த்தார். “பூசைக்கு லேட்டா போனதா? எங்கம்மாவைத் திட்டினதா?” பார்த்துக்கொண்டே இருந்தார். நோரா குரலைத் தாழ்த்திக்கொண்டு, “வேற பொம்பளையா?” என்று கேட்டாள்.

அகஸ்டின் முகத்தின் நல்ல பாதியில் சிரிப்பு வந்தது. படுக்கையில் விழுந்த பிறகு வந்த முதல் சிரிப்பு. நோரா அவர் கையில் ஓர் அடி வைத்தாள். கேட்டுவிட்டோமே என்று வெட்கமாகவும், கேட்டது நல்லதாயிற்று என்று நிம்மதியாகவும் இருந்தது. ஆனால் பாவம் மட்டும் கிடைக்கவில்லை.

மறுநாள் சுப்பராமன் வந்தார். மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் அகஸ்டினோடு இருபத்தைந்து வருஷம் ஆங்கிலம் நடத்தியவர். வடக்கு மாடவீதியிலிருந்து வாரம் இரண்டு தடவை நடந்தே வருவார். இந்த வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார், வாழைப்பழம் மட்டும் சாப்பிடுவார். தோல் உரித்துத் தின்கிற வஸ்துவுக்குத் தோஷம் இல்லை என்பது அவர் கட்சி. இன்னொரு கட்சி ‘கெட்’ கட்சி. அது உயிருள்ள இங்கிலீஷ், அதை அடிக்க நாம் யார் என்பார். இரண்டு பேரும் ஆசிரியர் அறையில் அதற்காகப் போட்ட சண்டையில் பியூன் வந்து கதவைச் சாத்தியிருக்கிறான்.

நோரா விஷயத்தைச் சொல்லவில்லை. மனசில் ஏதோ வைத்துக்கொண்டு தவிக்கிறார், கண்டுபிடிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். சுப்பராமன் இரண்டே நாளில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். ‘கெட்’டின் உபயோகங்கள் மொத்தம் ஐம்பத்திரண்டு, நம்பர் போட்டு எழுதியிருந்தார்.

“ஓய் அகஸ்டின், நான் ஒண்ணொண்ணா வாசிச்சுண்டு வரேன். எது வேணுமோ அதுக்குக் கண்ணை மூடும். ஒண்ணு, ‘கெட் அப்’, எழுந்துக்கணுமா? ரெண்டு, ‘கெட் எ லெட்டர்’, காகிதம் ஏதாவது வரணுமா? மூணு, ‘கெட் ரிட் ஆஃப்’, என்னை வெளியிலே அனுப்பணுமா?”

ஐம்பத்திரண்டும் ஆயிற்று. அகஸ்டின் ஒன்றுக்கும் கண்ணை மூடவில்லை. சுப்பராமன் மூக்குப்பொடி டப்பியைத் தட்டினார். “இதுக்கு மேலே அகராதியிலேயே கிடையாது. ஆத்துல போய் இன்னும் தேடிப் பாக்கறேன்” என்று எழுந்தார்.

அப்போது வாசலில், “வாத்யாரம்மோவ்! சங்கரா கீது, வாளை கீது!” என்று தேவானையின் குரல் கேட்டது. அகஸ்டின் எழப் பார்த்தார். “கெட்! கெட்!”

நோரா இந்தத் தடவை மீனைப் பார்க்கப் போகவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். அவர் கண் கூடைக்குப் போகவே இல்லை. கூடையைத் தூக்கி வந்தவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் தலையிலிருந்து கூடையை இறக்கி, நெற்றியில் வழிந்த மீன்தண்ணீரைப் புறங்கையால் துடைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக எல்லாரும் அந்த வார்த்தையையே கேட்டுக்கொண்டிருந்தோமே, கண்ணைப் பார்த்தோமா என்று நோராவுக்கு உறைத்தது.

குனிந்து காதோரம் கேட்டாள். “தேவானை சம்பந்தமா?”

கண்ணை மூடினார்.

“அவளுக்கு ஏதாவது செஞ்சீங்களா?” பார்த்தார். “அவ மகனுக்கா? உங்ககிட்ட படிச்சானே, ரங்கனுக்கா?”

கண்ணை இறுக மூடினார். திறக்கவே இல்லை. பிறகு இடது கையை நீட்டி, கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப்பெட்டியைக் காட்டினார்.

பெட்டியின் அடியில், கல்யாணக் கோட்டுக்கும் கீழே, நாலாக மடித்த பழைய பரீட்சைத் தாள் ஒன்று இருந்தது. சுப்பராமன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரித்தார். இருபத்துநாலாம் வருஷம், செலக்‌ஷன் பரீட்சை, இங்கிலீஷ். இதில் தேறினால்தான் எஸ்.எஸ்.எல்.சி. எழுத அனுப்புவார்கள். ரங்கன் பட்டினப்பாக்கம் குப்பத்திலிருந்து அந்த வகுப்பு வரை வந்த முதல் பையன். தலைப்பு, ‘என் தகப்பனார்’. மேலே வட்டத்துக்குள் முப்பத்துமூன்று. தேற வேண்டியது முப்பத்தைந்து.

சுப்பராமன் வாசித்து, நோராவுக்காகத் தமிழிலும் சொன்னார். “என் அப்பா இருட்டோட ‘கெட்ஸ் அப்’. அலையிலே ‘கெட்ஸ் வெட்’. மீன் ‘கெட்’ பண்ணாத அன்னிக்கு அம்மா ‘கெட்ஸ் ஆங்ரி’...” ஒவ்வொன்றின் மேலும் சிவப்புக் கோடு. பத்து கோடு எண்ணிவிட்டார். பதினொன்றாவது கடைசி வரியில் இருந்தது. அதை வாசிக்கும்போது அவர் குரல் இறங்கியது. “‘ஒன் டே ஹி டிட் நாட் கெட் ஹோம்.’ ஒருநாள் அவர் வீடு வந்து சேரலை.”

அந்தக் ‘கெட் ஹோ’மின் மேலும் கோடு இருந்தது. மேலே மணிமணியான எழுத்தில் ‘ரிட்டர்ன்’ என்று திருத்தியிருந்தது.

சுப்பராமன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “ஞாபகம் வருதம்மா. ரெண்டு மார்க் போட்டு அனுப்பலாம்னு ஹெட்மாஸ்டரே சொன்னார். நான் இந்தத் தாளைத் தூக்கிண்டு, ‘பாரும், என் கட்சிதான் ஜெயிச்சுது’ன்னு எல்லார் எதிர்லயும் சிரிச்சேன். அதுக்கப்புறம் இவர் மாட்டேன்னுட்டார். எங்க சண்டையிலே அந்தப் பிள்ளை...” அன்றைக்குப் பழமும் சாப்பிடாமல் போனார்.

நோராவுக்குப் புருஷன்மேல் கோபம் வந்தது. ஒரு பையன் அப்பன் கடலோடு போனதை எழுதுகிறான், அதில் போய் வார்த்தை திருத்துகிற மனசு என்ன மனசு? கேட்டும் விட்டாள். அகஸ்டின் கண்ணை மூடினார். இரண்டு கண்ணிலிருந்தும் நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. பன்னிரண்டு வருஷமாக இந்தத் தாளைப் பக்கத்திலேயே வைத்துப் படுத்திருக்கிறாரே என்று நினைத்ததும் அவள் கோபம் கரைந்தது. காதைத் துடைத்துவிட்டாள்.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பட்டினப்பாக்கத்துக்கு அவளே நடந்தாள். ரங்கன் ஹார்பரில் கப்பலுக்குக் கயிறு பிடிக்கிற வேலையில் இருந்தான். பெரிய வெள்ளி அன்று வேலை இல்லை என்று வந்தான். முப்பது வயசு, கதவை அடைக்கிற உடம்பு. “இன்னா சாரு, எப்டி கீறீங்க?” என்று கும்பிட்டுவிட்டு நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

நோரா தாளைக் கொடுத்தாள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

ரங்கன் வாசித்தான். உதடு அசைந்தது. “ரெண்டே மார்க்கா?” என்றான். “நான் நெசமாவே மக்குன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இத்தினி வருசமா.”

வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அப்படியே போய்விடுவான் என்று நோரா நினைத்தாள். போனால் நியாயம்தான், கூப்பிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். படுக்கையிலிருந்து “கெட்” என்று ஒரு குரல் வந்தது. தாழ்ந்த குரல், ஒரே தடவை.

“இன்னா சொல்றாரு?” என்றான் ரங்கன் திரும்பாமல்.

“கொஞ்சம் பக்கத்திலே உக்காருன்னு சொல்றாரு.”

வெகுநேரம் கழித்து வந்து கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தான். “ஹார்பர்ல தொரைங்களுக்கு இந்த ஒரு வார்த்தைதான் சாரு வாயில வரும். ‘கெட் பேக்’, ‘கெட் டவுன்’, ‘கெட் அவுட் ஆஃப் த வே’. அத்த வச்சிக்கினுதான் நானும் மேஸ்திரி ஆனேன். நீங்க அடிச்ச வார்த்தைதான் எனக்கு சோறு போடுது.” சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. தாளைக் கட்டில்மேல் விரித்து, கடைசி வரியில் கட்டைவிரலை வைத்தான். “அந்தப் பத்த அடிச்சது அடிச்சதாவே இருக்கட்டும், அது உங்க இஷ்டம். இது எங்க நைனா. இத்த மட்டும் உட்ருங்க சாரு.”

அகஸ்டின் நோராவைப் பார்த்தார். “கெட்.” அது எந்த ‘கெட்’ என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து சிவப்புப் பென்சிலைக் கொண்டுவந்து இடது கையில் கொடுத்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைபோலக் கோணல்மாணலாக ‘ரிட்டர்’னை அவர் அடித்தார். அடிக்க வெகுநேரம் பிடித்தது. வட்டத்துக்குள் இருந்த முப்பத்துமூன்றையும் அடித்து, பக்கத்தில் முப்பத்தைந்து என்று எழுதினார். ஐந்து தலைகீழாக விழுந்தது.

“பாஸா சாரு?” என்றான் ரங்கன்.

“கெட்” என்றார் அகஸ்டின்.

மறுநாள் சாமியார் வந்தார். நோரா கட்டிலோரம் முழந்தாள் படியிட்டாள். “அவர் ஒரு பையனோட...” என்று தொடங்கினாள். நடுவில் ஆளாக நிற்கிறவள் அப்படிப் பேசலாமா என்று சந்தேகம் வந்து நிறுத்தினாள். அகஸ்டினின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். “நான் என் அகந்தையாலே ஒரு பிள்ளையோட துக்கத்தை அடிச்சேன் சாமி. அவன் படிப்பை நிறுத்தினேன். பன்னெண்டு வருஷம் மறைச்சு வெச்சேன். மனஸ்தாபப்படுறேன்.” அவள் வாயால் அவர் பேசினார். கடைசி வார்த்தை முடிந்ததும் அகஸ்டின் தானாகக் கையை எடுத்து நெஞ்சில் தட்டினார். ஒன்றல்ல, மூன்று தட்டு.

பாஸ்கு அன்று காலை ரங்கன் இரண்டு ஆட்களோடு வந்தான். வாத்தியாரை மர நாற்காலியில் உட்காரவைத்து, ஹார்பர் கயிற்றால் கட்டி, மூவருமாகத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். தேவானையும் கூடை இல்லாமல் கூடவே வந்தாள். கோவில் வாசலில் புதுத்துணிக் கூட்டம் நெருக்கித் தள்ளியது. ரங்கன் கப்பல் மேல்தட்டுக்கே கேட்கிற குரலில், “கெட் பேக்! கெட் பேக்! வாத்யாரு வராரு!” என்று கத்தினான். ஜனம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. நாற்காலியின் மேலிருந்து அகஸ்டின், தலைமை ஆசிரியரின் தோரணையில், “கெட்!” என்றார்.

பீடத்துக்கு முன்னாலிருந்த கிராதியருகே நாற்காலியை இறக்கினார்கள். நோரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் முழந்தாள் படியிட்டாள். சாமியார் லத்தீனில் சொல்லிக்கொண்டே நற்கருணையை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். அகஸ்டின் கோணிய வாயைத் திறந்து நாக்கை நீட்டினார். அந்த இடத்தில் யாரும் ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. பேச்சு உள்ளவர்களும் வாயைத் திறந்துவிட்டுச் சும்மாதான் இருந்தார்கள்.